தாய்மாமனை அழைக்கக் கண்டிக்குப் போனேன்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் தேங்காயைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி அதை வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தார். அவரும் ஆட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பது தண்ணீர்தான் என்று இருவருக்கும் தெளிந்த பிறகு, "எங்கள் நாட்டில் தேங்காய் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தாம்பூலம் வைத்து மைத்துனரை அழைக்க வந்திருக்கிறேன் என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தேன். வெற்றிலையும் போயிற்று. பட்டு வேட்டியும் தூத்துக்குடி மக்ரூன் பெட்டியும் மட்டும் பிழைத்தன.

என் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வீடுகளில் தாய்மாமனை நேரில் போய்த் தட்டு வைத்துத்தான் அழைக்க வேண்டும். தபாலில் பத்திரிகை அனுப்பினால் அது தகவல், அழைப்பு ஆகாது. பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போகிறவர் தாய்மாமன். என் மனைவி ரெஜினாவுக்கு ஒரே தம்பி, பெயர் ஸ்டீபன். கண்டியில் வேன் ஓட்டுகிறான். ரெஜினாவின் அப்பா கண்டியில் கடை வைத்திருந்தவர். மகளைத் தூத்துக்குடியில் எனக்குக் கட்டிக் கொடுத்தார். பிற்பாடு தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்ததும் மிச்சக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்துவிட்டார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டீபன் மட்டும் பின்னால் வருகிறேன் என்றான். வரவில்லை. எங்கள் கல்யாணத்தில் மீசை முளைக்காத பையனாகப் பார்த்ததுதான், அதற்குப் பிறகு நான் அவனைப் பார்த்ததில்லை.

அவனுடைய கடிதங்கள் எப்போதாவது வரும். நலம், நலமறிய ஆவல், குழந்தை வளர்கிறாள், அவ்வளவுதான். பதிலைப் பிலிமத்தலாவையில் ஒரு கடை விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தான். ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. சண்டை நடக்கிற நாடு, தபால் ஒழுங்காக வராது போலும் என்று நினைத்துக்கொண்டோம்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். நான் மோட்டார் வாகன ஆய்வாளர், ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். என் முன்னால் எட்டுப் போட்டுக் காட்டாதவனுக்கு எங்கள் வட்டாரத்தில் லைசென்ஸ் கிடையாது. துறைமுகத்துக்கு வரும் வெளிமாநில லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி எனக்கென்று ஒரு கொள்கை உண்டாகியிருந்தது. எந்த ஊரில் வண்டி ஓட்டுகிறானோ அந்த ஊர்ப் பேச்சு ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாதவனுக்கு லைசென்ஸ் தரக்கூடாது. பாலம் வேலை நடக்கிறது என்ற பலகையைப் படிக்கத் தெரியாமல் ஒருவர் லாரியை ஓடைக்குள் இறக்கியதை நான்தான் போய்ப் பார்த்து எழுதினேன். தேநீர் நேரத்தில் நான் இதைப் பேச ஆரம்பித்தால் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் திடீரென்று வேலை நினைவு வந்துவிடும்.

விமான நிலைய வாசலில் ஸ்டீபன் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் என் மாமனார் அப்படியே இருந்தார். "மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே போய்க் கட்டிப்பிடித்தேன். அவன் மரக்கட்டையாக நின்றான். "வெல்கம் சார்" என்றான். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வேனில் இன்னொருவர் இருந்தார். பியதாச, கண்டியில் ஸ்டீபனின் ஸ்டாண்டிலேயே வேன் ஓட்டுகிறவர், தூரப் பயணத்துக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் அறிமுகம் நடந்தது. வட்ட முகம், எப்போது வேண்டுமானாலும் சிரிக்கத் தயாரான வாய். இருவரும் முன்னால் உட்கார்ந்து சிங்களத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் பின்னால் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மகளின் தாய்மாமன் நான்கடி தூரத்தில் இருக்கிறான், எனக்கு அவனுடைய பிடரிதான் தெரிகிறது. கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் பணமும் வசதியும் வந்து எங்களை மறந்துவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் சட்டைக் காலரைப் பார்த்தால் வசதி வந்த மாதிரியும் இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும், ஓட்டுகிற அழகு. ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோடுகளில் ஒரு ஆள் காலை வைத்தால் வேன் நின்றுவிடுகிறது. எங்கள் ஊரில் அந்தக் கோடு ரோட்டுக்கு அலங்காரம். ஹாரனை அவன் ஒரு தடவைகூடத் தொடவில்லை. வழியில் மணல் மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி வந்தபோது, சிப்பாய் எட்டிப் பார்க்கும் முன்பே ஸ்டீபன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். சிப்பாய் சிரித்தார். அடையாள அட்டையில் பெர்னாண்டோ என்று இருந்தது. தூத்துக்குடியிலும் பெர்னாண்டோ உண்டு, நீர்கொழும்புச் சிங்களவரிலும் உண்டு. அட்டை உடனே திரும்பி வந்தது. என் பாஸ்போர்ட்தான் கைமாறிக் கைமாறித் தாமதமாக வந்தது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பியதாச இறங்கி ஓடைத் தண்ணீர் பிடித்து வந்தார். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று என் உத்தியோகத்துக்குரிய குரலில் தமிழில் எச்சரித்தேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பியதாச புரியாமல் சிரித்தார். ஸ்டீபனும் அதே மாதிரி, புரியாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் கோபம் போய் ஏதோ பயம் வந்தது.

பிலிமத்தலாவையில் சாப்பிட நிறுத்தினார்கள். கடிதங்கள் வந்து சேரும் கடை இதுதான் என்று பலகையைப் பார்த்ததும் தெரிந்தது. முதலாளியை எல்லோரும் காசிம் நானா, அதாவது காசிம் அண்ணன், என்று கூப்பிட்டார்கள். பியதாச வேனுக்குத் தண்ணீர் ஊற்றப் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"இந்தியாவுலேந்தா வாறீங்க? மகள்ட கல்யாணம் எண்டு கேள்விப்பட்டேன். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். உட்காருங்க, சோறு எடுப்போம்."

கடல் கடந்து வந்த பிறகு காதில் விழுந்த முதல் தமிழ் அது. ஸ்டீபனைச் சாடையாகக் காட்டி, இவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று கேட்டேன். காசிம் நானா கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடையில ஆள் இருந்தா அவரோட நான் சிங்களம்தான் பேசுற. ஆள் இல்லாட்டித் தமிழ். நீங்களும் அப்பிடியே செய்ங்க. ஊட்டுக்குப் போய் எல்லாம் கதைக்கலாம்."

சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பொல் சம்பல், மீன் குழம்பு. பொல் சம்பல் என்றால் தேங்காய்ச் சம்பல். என் தேங்காயைப் பிடித்துவைத்த நாட்டில் எல்லாவற்றிலும் தேங்காய்தான். ருசிக்குக் குறையில்லை, ஆனால் என் கண் ஸ்டீபன் மேலேயே இருந்தது.

கண்டி டவுனில் பியதாச இறங்கிக்கொண்டார். குண்டசாலையில் ஸ்டீபனின் வீடு ஒரு மேட்டுச் சந்தின் முடிவில் இருந்தது. உள்ளே போனதும் கதவைச் சாத்தினான், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினான். அப்புறம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், மன்னிச்சிருங்க. அக்கா எப்பிடி இருக்கு? அங்க வச்சு உங்களைக் கட்டிப்பிடிக்க முடியல."

அவன் தமிழ் மெதுவாக, யோசித்து யோசித்து வந்தது. நடுவில் சொல் அகப்படாமல் நின்றான். அவன் மனைவி லில்லி, கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாலில்லாத பிளேன்டீ கொண்டுவந்தாள். "வாங்கண்ணே, உட்காருங்க" என்று சொல்லும்போதே ஜன்னலையும் சாத்தினாள்.

உள்ளறை வாசலில் அவர்களுடைய மகள் நிரோஷா நின்றாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வயது. எங்களைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். லில்லி சிரித்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறீங்களான்னு கேக்குறா" என்றாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. குழந்தைக்குத் தமிழே தெரியாது. புருஷனும் மனைவியும் சண்டை போடும்போது மட்டும், அவளுக்குப் புரியக்கூடாது என்பதற்காகத் தமிழில் பேசிக்கொள்வார்கள். அவளைப் பொறுத்தவரை தமிழ் என்பது பெரியவர்கள் கோபப்படுகிற பேச்சு. அக்கம்பக்கமெல்லாம் சிங்களக் குடும்பங்கள், நல்ல மனிதர்கள், ஆனால் ஸ்டாண்டிலும் சந்திலும் ஸ்டீபன் நீர்கொழும்புச் சிங்களவன். சின்னப் பிள்ளைக்குத் தமிழைச் சொல்லிக்கொடுத்தால் அது எங்கே எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது என்பதால் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பெற்ற பிள்ளையோடு சொந்தப் பேச்சைப் பேசாமல் ஐந்தாறு வருஷம் வாயைக் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலை ஸ்டீபன் வேனைக் கழுவப் போயிருந்தபோது லில்லி காரணத்தைச் சொன்னாள். கலவர நேரத்தில் ஸ்டீபன் ஓட்டிய லாரியை ரோட்டில் மறித்திருக்கிறார்கள். பெட்ரோல் கேனோடு நின்ற கும்பல், டிரைவரைச் சிங்களத்தில் பேசச் சொன்னது. ஸ்டீபன் பேசினான். கண்டி மார்க்கெட்டில் வளர்ந்தவன், அங்குள்ளவர்களைவிட நன்றாகப் பேசினான், ஒருவனைப் பார்த்து மாமா என்று சிங்களத்தில் முறைவைத்தும் கூப்பிட்டான். பக்கத்தில் இருந்த கிளீனர் புதிதாகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன், சிங்களம் பழகாதவன். அவனையும் பேசச் சொன்னார்கள்.

"இவரு அந்தப் பையன் பேரைக்கூட இதுவரைக்கும் எங்கிட்டச் சொன்னதில்ல அண்ணே. நான் கேக்கவும் மாட்டேன்" என்றாள்.

ஓட்டுநருக்கு உள்ளூர்ப் பேச்சு தெரிய வேண்டும் என்று நான் எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன். அந்த ரோட்டில் அப்படி ஒரு தேர்வு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. ஒருவன் தேறினான், ஒருவன் தேறவில்லை. நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நடத்த ஆசைப்பட்ட தேர்வு அதுதானா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அன்று காலை லில்லி வைத்த பாற்சோற்றை, அதை அங்கே கிரிபத் என்கிறார்கள், தின்று எழுந்தேன்.

அன்று ஸ்டீபனுக்கு வாடகை ஓட்டம் இருந்தது. நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். இந்தியச் சுற்றுலாக்காரர், பேராதனைத் தோட்டம் பார்க்க வருகிறார் என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டான். பின்னால் ஏறியவர்கள் யாழ்ப்பாணத்துத் தம்பதி. கணவர் ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார். அந்த அம்மாள் மடியில் ஒரு எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டிருந்தார். கணவர் ஸ்டீபனிடம் ஆங்கிலத்தில் பேராதனை ஆஸ்பத்திரி என்றார். தமிழ் தெரியுமா என்று தமிழிலேயே கேட்டும் பார்த்தார். ஸ்டீபன் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையாட்டி மறுத்தான்.

வேன் ஏரிக்கரையைத் தாண்டியதும் பின்னால் பேச்சு தொடங்கியது. நானும் சிங்களவன் என்று நினைத்திருப்பார்கள்.

"இவைக்கு ஒண்டும் விளங்காது. நீ சொல்லு, நேற்று டொக்டர் உண்மையிலை என்ன சொன்னவர்?"

"இஞ்சருங்கோ, ரோட்டிலை வேண்டாம்."

"நான் வெளியிலை நிண்ட நேரம் உனக்கு ஏதோ சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்க்கத் தெரியுது."

அந்த அம்மாள் முன்சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி டாக்டருக்கு நம்பிக்கை இல்லை, இன்றைக்குப் புற்றுநோய்ப் பிரிவில் காட்டச் சொல்லியிருக்கிறார். "எனக்குப் பயமாக் கிடக்கு. பிள்ளையளுக்கு இப்ப எழுதாதையுங்கோ" என்றார். கணவர் அந்த அம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். பள்ளம் மேடு பார்த்து வேகத்தைக் குறைத்திருந்தான். முகம் மட்டும் எதுவும் விளங்காத முகம். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் போனதும் பெரிய வாசலில் நிறுத்தாமல் பக்கத்துப் பாதையில் சுற்றி, புற்றுநோய்ப் பிரிவின் படிக்கே கொண்டுபோய் நிறுத்தினான். அந்த அம்மாள் அதிகம் நடக்க வேண்டியிருக்கவில்லை.

"கெட்டிக்காரன். சொல்லாமலே சரியான இடத்திலை விட்டிட்டான்" என்று கணவர் மனைவியிடம் சொன்னார். இறங்கிய பிறகு எக்ஸ்ரே உறையை வாங்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இந்த ஊரிலை வாகனம் ஓடுறவை தமிழும் படிக்க வேணும் எண்டு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் நல்லது. நோயாளியள் எவ்வளவு கஷ்டப்படுகினம்."

திரும்பி வரும்போது வேனில் நாங்கள் இருவரும்தான். பேராதனைப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அத்தான். பயப்படாதீங்கம்மா, இங்க நல்ல டாக்டருங்க இருக்காங்கன்னு சொல்லியிருக்கலாம்" என்றான். "சொல்லியிருந்தா, கண்டியில தமிழ் பேசுற டிரைவர் ஒருத்தன் இருக்கான்னு அவரு நல்ல மனசோட நாலு பேருக்குச் சொல்லுவாரு."

அன்று சாயங்காலம் தாம்பூலம் வைத்தேன். தேங்காய், வெற்றிலை, பழமெல்லாம் கண்டி மார்க்கெட்டில் வாங்கியது. நடுவில் பட்டு வேட்டி. ஸ்டீபன் குளித்துவிட்டு வந்து, கும்பிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டான். கண் கலங்கியது. "நான் வாறேன் அத்தான். மூணு பேரும் வாறோம். அக்காகிட்டச் சொல்லுங்க" என்றான். லில்லி அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் பயணத்தின் காரியம் முடிந்தது என்று சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பாடம் தொடங்கியது. கல்யாண வீட்டில் இருபது முப்பது பிள்ளைகள் இருக்கும், தாய்மாமன் மகள் ஊமையாக நின்றால் நன்றாக இருக்குமா என்று நான்தான் கேட்டேன். லில்லி உடனே சரி என்றாள். எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ. ரேடியோ சத்தம் கூடியது, நிரோஷாவை நடுவில் உட்கார வைத்தோம். சரியாகச் சொன்னால் ஒரு மக்ரூன். அத்தை. மாமா. வாங்க. என் பேரு நிரோஷா. நாங்க கல்யாணத்துக்குப் போறோம். இது சண்டைப் பேச்சு இல்லை, மிட்டாய் கிடைக்கிற பேச்சு என்று தெரிந்ததும் பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஸ்டீபன் முதலில் தயங்கினான். பிறகு மகள் வாயிலிருந்து "அப்பா" என்று வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். சிங்களத்தில் அவள் அவனைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள், அங்கே அப்பாவுக்கு அதுதான் பெயர்.

வெளியே பேசக்கூடாது, வீட்டுக்குள் மட்டும் என்று லில்லி திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளையும் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நிரோஷாவுக்குக் கல்யாணச் சட்டை எடுக்க டவுனுக்குப் போனோம். புதுச் சட்டையை அங்கேயே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டாள். டீசல் போட வேண்டும் என்று ஸ்டீபன் வழியில் ஸ்டாண்டை ஒட்டிய பங்கில் நிறுத்தினான். ஓட்டுநர்கள் கும்பலாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பியதாச வந்து நிரோஷாவைத் தூக்கிக்கொண்டார். இவ்வளவு அலங்காரமாக எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அவர் அவள் பிறந்தது முதல் வீட்டுக்கு வந்து போகிறவர். அவளுக்கு அவர் வெளியாள் இல்லை.

நிரோஷா எல்லோரும் கேட்கும்படி சொன்னாள். "என் பேரு நிரோஷா. நாங்க அத்தை வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் போறோம்."

ஒரு தப்பில்லை. நான் சொல்லிக்கொடுத்த தமிழ். சொல்லிவிட்டு மக்ரூனுக்காக என்னைப் பார்த்தாள்.

தேநீர்க் கோப்பைகள் பாதியில் நின்றன. புதிதாக ஸ்டாண்டில் சேர்ந்திருந்த ஒருவன் ஸ்டீபனிடம் ஏதோ கேட்டான். ஸ்டீபன் என்னைக் காட்டிச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். இந்த இந்தியக்காரர் பொழுதுபோகாமல் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார் என்று சொன்னானாம். நானும் சிரித்துத் தலையாட்டினேன். அத்தோடு போயிருக்கும். ஆனால் நிரோஷா, தன்னை யாரும் மெச்சவில்லையே என்று நினைத்தாளோ என்னவோ, "அப்பா" என்று கூப்பிட்டாள்.

ஸ்டீபன் இரண்டே எட்டில் போய், பியதாசவின் கையில் இருந்த பிள்ளையைக் கன்னத்தில் அறைந்தான்.

அவள் உடனே அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. பியதாச அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, ஸ்டீபனின் காதருகே ஏதோ சொன்னார். பிறகு எல்லோரையும் பார்த்து உரக்க ஒரு வேடிக்கை சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். வேனில் ஏறிய பிறகுதான் பிள்ளை அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள், அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஸ்டீபன் ரேடியோவைப் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பியதாச என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்டா, பிள்ளைய அடிக்காதன்னு சொன்னான்."

"அப்ப நல்லதுதான மாப்ள. அவரு உன்னக் காட்டிக் குடுக்கலயே."

"அவன் நல்லவன் அத்தான். ஆனா நான் மறைச்சிட்டேன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன். அவனுக்குத் தெரியும்னா இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்? ஒரு குண்டு வெடிச்சா மறுநாள் யாரு எப்பிடிப் பாப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" கொஞ்சம் பொறுத்து, தரையைப் பார்த்தபடி சொன்னான். "நாங்க கல்யாணத்துக்கு வரல."

நான் என்னென்னவோ சொன்னேன். பிள்ளையை இனிமேல் வெளியில் பேசவிட வேண்டாம், நீ மட்டுமாவது வா, உன் அக்கா முகத்தை நினைத்துப் பார் என்றேன். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"நான் மட்டும் வந்தா அக்கா, பிள்ளையக் காட்டலன்னு அழும். பிள்ளையக் கூட்டி வந்தா, அங்க அத்தன பிள்ளைங்களோட ஒரு வாரம் விளையாடினா இவ தமிழ் நல்லாப் பேசிருவா. பெறகு இங்க கொண்டுவந்து எப்பிடி அத்தான் மறக்க வைக்கிறது? திரும்பத் திரும்ப அடிக்கவா?"

லில்லி அடுப்படியிலிருந்து, "பிள்ளை பேசுனது ஒரு குத்தமாண்ணே?" என்று கேட்டாள். ஸ்டீபன் எழுந்து அலுமாரியைத் திறந்து பட்டு வேட்டியை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தான். "மாமன் ஸ்தானத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குக் குடுங்க" என்றான். தட்டு வாங்கிய தாய்மாமன் வராமல் போனது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல்முறை. அதற்கு நானும் நான் கொடுத்த மக்ரூனும் காரணம் என்பது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

விமான நிலையத்துக்கு லில்லியும் பிள்ளையும்கூட வந்தார்கள். வழியெல்லாம் நிரோஷா அம்மாவின் மடியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சாவடியில் ஸ்டீபன் வழக்கம்போல ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தான். ஏறும்போது கொதித்த ரேடியேட்டர், இறங்கும்போது எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. அந்தப் பாதையில் நான் பார்த்த ஓட்டுநர்களிலேயே சிறந்தவன் என் மைத்துனன்தான் என்பதை ஒரு பிரேக் இன்ஸ்பெக்டராகச் சொல்கிறேன்.

வாசலில் பெட்டியை இறக்கி வைத்தான். சுற்றிலும் ஆட்கள். இந்தத் தடவை நான் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. நிரோஷாவுக்கு முன்னால் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "போய்ட்டு வாரேன்ம்மா" என்றேன். எனக்கு வேறு பேச்சு தெரியாதே. அவள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சிங்களத்தில் நீளமாக ஏதோ கேட்டாள். அவன் ஒரே வரியில் பதில் சொன்னான்.

"என்ன கேக்கா?" என்றேன்.

ஸ்டீபன் யாருக்கோ வழிகாட்டுகிறவன்போல வாசல் பக்கம் கையை நீட்டிக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல் தமிழில் சொன்னான்.

"இந்த மாமா எப்பவும் இப்பிடித்தானே பேசுறாரு, இவரை யாரும் அடிக்கிறதில்லையான்னு கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"அவருக்கு ஊரு வேறன்னு சொன்னேன்."